சோடியம் போன இடம்

கணக்கு எப்படிப் போடுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதைக் கணினி போட்டுவிடும். நான் வேலையில் இருந்தபோதே அதுதான் போட்டுக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும், அனுபவத்திலிருந்து எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது கொஞ்ச நாள் தள்ளிப்போட்டேன். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அலுப்புதான், அதை எதற்கு இளையவர்கள் தலையில் இறக்கிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். இந்தத் தொழிலில் அலுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உங்களுக்கு நல்லதுதானே.

என்ன வேலை பார்க்கிறாய் என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நான் இப்படிச் சொல்வேன். ஒரு வீட்டில் இன்றைக்கு அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, உப்பு இவ்வளவு செலவானது என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இட்லியாக இருக்கலாம், தோசையாக இருக்கலாம், சோறும் உளுந்த வடையுமாகக்கூட இருக்கலாம். படிவுப் பாறையைப் பொடித்து நம் இயந்திரத்தில் வைத்தால் சிலிக்கன் இவ்வளவு, அலுமினியம் இவ்வளவு, சோடியம் இவ்வளவு என்று செலவு விவரம் வந்துவிடும். அவையெல்லாம் எந்தெந்தக் கனிமமாக அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன என்பது வராது. அதை நாம் ஊகிக்கிறோம். ஆனால் ஊகம் என்ற சொல் அறிக்கையில் இருக்காது. ‘கணக்கிடப்பட்ட கனிமச் சேர்க்கை’ என்று இருக்கும். படிப்பவர்களுக்கு அது அளந்து பார்த்ததைப் போலவே தெரியும்.

நம் பக்கம் கேட்கவே வேண்டாம், கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் கெட்டிப் பாறைதான். படிவு என்று சொல்லத்தக்கது ஓடையோரங்களிலும் கண்மாய்ப் படுகைகளிலும்தான் கிடைக்கும். பழைய ஓடை கொண்டுவந்து போட்ட களி, சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டிகளோடு சேர்ந்து இறுகி, முழுக்க மண்ணாகவும் இல்லாமல் முழுக்கப் பாறையாகவும் இல்லாமல் கிடக்கும். நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு படிவைப் பற்றி.

ஆண்டிபட்டிக்குத் தெற்கே, வருசநாட்டு மலை கண்ணில் படும் தூரத்தில் ஒரு சிற்றூர். ஊரின் பெயர் வேண்டாம். அங்கிருந்த கண்மாயின் கரை நான் சொல்லும் ஆண்டுக்கு முந்தைய மழையில் உடைந்திருந்தது. பகலில் உடைந்ததால் ஆட்கள் தப்பினார்கள். கரைக்குக் கீழே வரிசையாக இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து சுவர்கள் சாய்ந்தன, அடைத்துவைத்திருந்த ஆடுகள் போயின, வயல் முழுக்க மணல் ஏறியது. உடைப்பை அடைத்துக் கரையைத் திரும்பக் கட்டுவதற்கு அரசு ஒப்புதல் வாங்க அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு பெரும்பாடு. அதை முன்னின்று செய்தவர் சவரியம்மாள் என்ற பெண். கண்மாய்ப் பாசனக்காரர்கள் சங்கத்தின் தலைவி. கிறிஸ்தவக் குடும்பம், மடைக்குப் பக்கத்தில் வயல், கரைக்குக் கீழே முதல் வீடு. கலெக்டர் அலுவலக வாசலில் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

நமக்கு வந்தது ஒரு பை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த உதவிப் பொறியாளர் கார்த்திகேயன் அனுப்பியிருந்தார். கரையின் நடுவில், தண்ணீர் ஊடுருவாமல் தடுப்பதற்குக் களி வைக்க வேண்டும். கண்மாய்க்குப் பக்கத்திலேயே ஓடையோரம் ஒரு குழியில் நல்ல களி கிடைத்திருக்கிறது, அது ஏற்றதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நமக்கு உதவி செய்வதாக நினைத்து யாரோ அதை இடித்துப் பொடியாக்கியே அனுப்பியிருந்தார்கள். குழியின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி எல்லாம் ஒன்றாகக் கலந்த பொடி. கட்டி என்று ஒன்றுகூட அதில் இல்லை.

புரட்டாசி மாதம். மழைக்கு முன்னால் உடைப்பை மூடியாக வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் இறுக்கம், ஈரம் போன்ற சோதனைகளில் அந்தக் களி தேறிவிட்டது. நம் கணக்கும் நன்றாகவே வந்தது. ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், கொஞ்சம் சுண்ணாம்பு, மீதிக்குச் சாதுவான வெள்ளைக் களிக் கனிமம். கரைக்கு இதைவிட நல்ல சேர்க்கை கேட்டு வாங்க முடியாது.

ஒன்றுதான் இடித்தது. மாதிரியைச் சுட்டால் நீரும் வாயுவும் வெளியேறி எடை குறையும். கணக்கு சொன்ன கனிமங்கள் எவ்வளவு எடை குறைய வேண்டுமோ அதைவிட நம் உலையில் கொஞ்சம் அதிகமாகக் குறைந்திருந்தது. சின்ன வித்தியாசம்தான். நான் மறுபடியும் சுடச் சொன்னேன். மறுபடியும் அதே வித்தியாசம்.

கணினியில் அந்தக் கணக்கை எழுதியவர் எங்கள் மேலாளர். பல ஆண்டுகள் மலையேறி, ஒவ்வொரு பாறையாகப் பார்த்து எழுதியவர். அவருடைய விதிப்படி சோடியம் முழுவதும் ஃபெல்ட்ஸ்பாருக்குப் போய்விடும். அதில் நியாயம் இருந்தது. சுற்றியிருக்கும் மலைகளில் ஃபெல்ட்ஸ்பார் ஏராளம். அது உடைந்து உருண்டு வந்துதானே ஓடையில் படிகிறது. ஆனால் சோடியத்துக்கு வேறொரு வீடும் உண்டு. சிலவகைக் களித் துகள்களின் மேல் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அந்தக் களி தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் பிரிந்து மிதந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கக் கரை கெட்டியாகத்தான் தெரியும், உள்ளே ஒரு சின்னக் கசிவு வழியாகக் களி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, எலி வளைபோல ஆரம்பித்து, ஒரு நாள் கரையே போய்விடும். சோடியத்தை ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து எடுத்துக் களிக்குக் கொடுத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். களியின் அளவு கூடியது, களியோடு சேர்ந்து அதிலிருக்கும் நீரும் கூடியது, உலையின் எடையோடு கணக்கு பொருந்தியது.

பொருந்தியதால் அதுதான் உண்மை என்று ஆகிவிடாது. மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பொடியில் வேரும் இலைமக்கும் இருந்திருக்கும், அது எரிந்ததில்தான் எடை குறைந்திருக்கும் என்றார். அதுவும் சரியாக இருக்கலாம். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் இருவரில் யார் சரி என்று சொல்ல வழியே இல்லை.

“கணக்குல மிச்சம் இல்லாத பாறையே கிடையாதும்மா,” என்றார். “ஒவ்வொரு மிச்சத்துக்கும் வேலைய நிறுத்துனா இந்த மாவட்டத்துல ஒரு செவரு எந்திரிக்காது.”

கனிமத்தை நேரடியாகக் காட்டும் இயந்திரம் நம்மிடம் கிடையாது. மதுரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே வரிசையில் காத்திருந்து முடிவு வருவதற்குள் மழை வந்துவிடும். ஒப்பந்தக்காரரின் வண்டிகள் வந்து நின்றுவிட்டன, அறிக்கை இன்றைக்கே வேண்டும் என்று பொறியாளர் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். நான் நேரில் போய்க் குழியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“போறதுன்னா போயிட்டு வாங்க. இன்னைக்குப் பூராம் நான் போன் எடுக்கல.”

அவரைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுவார்கள். எனக்கு அவர் என்றால் அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். தன் கணக்கைச் சந்தேகப்பட்டவளுக்கு அவர் ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்தார். அதற்காக எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை.

காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேனிலும், கண்ணாடிக் குவளைகள் ஒரு பையிலுமாக எடுத்துக்கொண்டு தேனியிலிருந்து ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் எனக்குள் ஓடியது ஒன்றுதான். நான் நினைப்பது தவறாக இருந்தால், இலைமக்கு எரிந்ததற்காக ஓர் ஊரின் வேலையை நிறுத்தியவள் ஆவேன். சரியாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதுதான் இதைவிடக் கடினம் என்று அப்போது தெரியாது.

ஆண்டிபட்டியிலிருந்து கார்த்திகேயன் ஜீப்பில் கூட்டிப்போனார். வழியில் அதிகம் பேசவில்லை. காற்றாலைகளைத் தாண்டும்போது மட்டும், களி சரியில்லை என்று வந்தால் சவரியம்மாள் முகத்தில் விழிக்க முடியாது என்றார். கரை உடைந்த நாளிலிருந்து அந்தப் பெண் தன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததையும், கடைசியில் ஒப்புதல் வந்த அன்று ஊரே பொங்கல் வைத்ததையும் சொன்னார்.

குழிக்குப் போனபோது ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. அறிக்கை வருவதற்கு முன்பே களியை அள்ளிக் கரையோரம் குவித்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். என்னைக் கண்டதும் உயரமான ஒரு பெண் முன்னால் வந்தார். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று கார்த்திகேயன் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேல ஆரம்பிச்ச பெறகு சந்தேகம் வருதா ஒங்களுக்கு?” என்றார் என்னைப் பார்த்து. “இத்தன நாளு எங்கன இருந்தீக?”

 குழிக்குள் இறங்கினேன்.

இறங்கியதுமே ஒன்று புரிந்தது. குழியின் சுவரில் இரண்டு நிறம் இருந்தது. மேலே செம்மை கலந்த பழுப்பு, அதில் சுக்கான் கட்டிகள். கீழே சாம்பல் நிறம், வழவழப்பு, வெட்டிய இடம் மெழுகுபோல மின்னியது. பொடியில் இந்த இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தன. இரண்டிலிருந்தும் கட்டிகளை எடுத்துக்கொண்டு மேலே வந்து, ஜீப்பின் முன்பக்கத்தில் குவளைகளை வைத்து, தண்ணீர் ஊற்றி, அது அசையாமல் நின்றதும் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியைப் போட்டேன். இது பெரிய சோதனை ஒன்றும் இல்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். காத்திருப்பது மட்டும்தான் கஷ்டம். ஊரே நின்று குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செம்பழுப்புக் கட்டி மெதுவாகச் சரிந்து, அடியில் குவியலாக உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சாம்பல் கட்டியைச் சுற்றி முதலில் லேசாகப் புகைபோல ஒன்று எழுந்தது. பிறகு அது பரவியது. யாரும் கலக்கவில்லை, குவளையைத் தொடவில்லை. பால் ஊற்றியதுபோலக் குவளை முழுக்க வெளுத்துவிட்டது.  நான் நினைத்தது சரி என்ற நிறைவு இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

சவரியம்மாள் குனிந்து பார்த்தார்.

“இது கரைஞ்சா கரையும் கரைஞ்சிரும். அதானே சொல்ல வாரீக?”

“ஆமாக்கா. மேல் மண்ணு நல்ல மண்ணு. கீழ உள்ளது ஆகாது.”

மேல் மண் எவ்வளவு தேறும் என்று சவரியம்மாள் கார்த்திகேயனைக் கேட்டார். அவர் குழியைப் பார்த்தார், உடைப்பைப் பார்த்தார், போதாது என்று தலையை ஆட்டினார். அள்ளிக் குவித்ததிலும் இரண்டும் கலந்துவிட்டன. சுண்ணாம்போ ஜிப்சமோ கலந்து களியைத் திருத்தலாமா என்று கார்த்திகேயன் என்னைக் கேட்டார். திருத்தலாம், ஆனால் எவ்வளவு கலப்பது என்று சோதித்துப் பார்க்காமல் முடியாது, அதற்கும் நாள் வேண்டும் என்றேன். வேறு கண்மாயிலிருந்து களி எடுக்க வேண்டுமென்றால் கனிமத் துறை அனுமதி. அதற்கும் நாள் வேண்டும். எங்கே சுற்றினாலும் மழைக்கு அந்தப் பக்கம்தான் போய் நின்றது.

சவரியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கரைமேல் கொஞ்ச தூரம் நடத்திப் போனார். உடைப்பின் விளிம்பில் நின்றோம். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை.

“இதை வச்சே கட்டுனா எத்தன வருசம் நிக்கும்?”

“சொல்ல முடியாதுக்கா. மொத தடவ தண்ணி நிக்கும்போதே போகலாம். பத்து வருசமும் நிக்கலாம்.”

“பத்து வருசம் நின்னா எனக்குப் போதுமே.”

அவர் கரைக்குக் கீழே கையைக் காட்டினார்.

“கீழ மொத வீடு என் வீடுதான். என் வீட்டுக்கு நான் சொல்றேன். கட்டட்டும்னு எழுதிக் குடுங்க.”

இந்த மாதிரி ஒரு வாக்கியத்துக்கு நம்மை யாரும் தயார்ப்படுத்துவதில்லை. அவர் அறியாமல் பேசவில்லை. ஆபத்தை நான் சொன்ன அளவுக்குச் சரியாகப் புரிந்துகொண்டு, தன் தலைமேல் ஏற்றுக்கொண்டு கேட்டார். அவருடைய மகன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறான் என்றும், கண்மாயில் தண்ணீர் நின்றால் திரும்பிவந்து வயலைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான் என்றும் அங்கே நின்றுதான் சொன்னார்.  

கீழே பார்த்தேன். அவர் வீட்டை ஒட்டிப் புதிதாக எழுப்பிய சுவரோடு இன்னொரு வீடு. அதன் வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ரெண்டாவது வீட்டுக்கு யாரு சொல்றது?” என்றேன்.

அவர் அந்த வீட்டைப் பார்த்தார். பிறகு கண்மாயின் காய்ந்த படுகையைப் பார்த்தார்.  திரும்பிக் குழிக்கு நடந்துபோய், ஜேசிபி ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னவர் அவர்தான். நானும் இல்லை, பொறியாளரும் இல்லை. திரும்புவதற்கு முன் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறிக்கையில் நான் இரண்டு கனிமச் சேர்க்கைகளையும் எழுதினேன். வேதியியல் எண்களுக்கு இரண்டுமே பொருந்தும், எண்களை மட்டும் வைத்து எது என்று முடிவு செய்ய இயலாது, ஆனால் கீழ் அடுக்கின் களி அசையாத தண்ணீரிலேயே பிரிகிறது, கரைக்கு ஆகாது என்று எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றாமல் தானும் கையெழுத்துப் போட்டார். தன் கணக்கில் சோடியத்தைக் கேள்வி கேட்கும் ஒரு வரியையும் சேர்த்தார். இப்போது நீங்கள் கணக்கை ஓட்டும்போது சிவப்பில் எழுந்து நின்று எரிச்சலூட்டும் அந்த எச்சரிக்கை அதுதான். அதைப் பார்க்காமலே ‘சரி’யை அழுத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். குழிக்குப் போகாதிருந்தால் நானும் அழுத்தியிருப்பேன். போன பிறகு என்னால் முடிந்ததில்லை.

பிற்பாடு என்ன ஆனது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடையில் அனுமதி வந்து, வேறு கண்மாய்க் களியை வைத்துக் கரையைக் கட்டினார்கள். அது நிற்கிறது. சாம்பல் களியை வைத்துக் கட்டியிருந்தால் உடைந்திருக்குமா என்று கேட்டால், தெரியாது. நடக்காத ஒன்றை எந்த ஆய்வுக்கூடத்திலும் அளக்க முடியாது. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சரியாகச் செய்தால் மனம் லேசாகும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

நான் குழிக்குப் போன அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் பல காலமாகப் பார்க்காத மழை. வருசநாட்டு மலையிலிருந்து ஓடைகள் எல்லாம் நிரம்பி வந்தன. அந்தக் கண்மாய்க்கும் தண்ணீர் வந்தது. உடைப்பு திறந்தே கிடந்ததால் வந்த வேகத்தில் அப்படியே வெளியேறி, வீடுகள் பக்கம் ஏறாமல் ஓடையில் விழுந்து வைகைக்குப் போனது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. நான் வேலைக்கு வந்து உலையை மூட்டியிருந்தேன். தேனியிலும் மழை. போன் அடித்தது. எடுத்ததும் எதிரில் யாரும் பேசவில்லை. பெரிய இரைச்சல் மட்டும் கேட்டது. முதலில் லாரிச் சத்தம் என்று நினைத்தேன்.

“கேக்குதா?” என்றது சவரியம்மாளின் குரல்.

அப்போதுதான் அது என்ன சத்தம் என்று விளங்கியது.

“கேக்குதுக்கா.”

“ஒடப்புலதான் நிக்கிறேன். மகன வர வேணாம்னு சொல்லிட்டேன். ஒங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லணும்னு தோணுச்சு.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நன்றி சொல்லும் குரலும் இல்லை. நான் இரண்டாவது வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று வாயெடுத்தேன். அந்தக் குழந்தை, சுவர், களி என்று எல்லாம் வாய்க்குள் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லியிருக்க முடியாது.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வெள்ளத்தில் போய்விடாத வீட்டிலிருந்து உங்களுக்கு ஒருவரும் போன் செய்து, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். போன தண்ணீருக்காகத்தான் போன் வரும். வந்தால் எடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். உங்கள் கையெழுத்துக்கு மற்றவர் கொடுத்த விலை அது. கேட்பதாவது நம்மால் முடியும்.

அவர் போனைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டியிருக்க வேண்டும், இரைச்சல் கூடியது. பின்னால் உலை சூடேறி மணி அடித்தது. வெளியே யாரோ மாதிரிப் பைகளோடு வந்து கூப்பிட்டார்கள். அவராக வைக்கும் வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.